‘படும்’ என்று முடியும் அரசாங்கம்: சொல்லாடல் பகுப்பாய்வுக்கு ஓர் எளிய அறிமுகம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகம். அதன் அறிவித்தல் பலகையில் நான் மொழிபெயர்த்துக் கொடுத்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. வாய்க்கால் திருத்தம் பற்றியது. “திருத்த வேலைகள் மேற்கொள்ளப்படவுள்ளமையால் இருபது நாட்களுக்கு நீர் விநியோகம் இடைநிறுத்தப்படும் என்பது விவசாயிகளுக்கு அறியத்தரப்படுகின்றது.” படுவான்கரையிலிருந்து வந்திருந்த வயதான வட்டவிதானையார் (வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிப்பவர்) ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“தண்ணிய ஆர் மகன் நிப்பாட்டுற?”

தாளில் அதற்குப் பதில் இல்லை. எழுதியவன் நான், எனக்கும் சரியாகத் தெரியாது. “அப்ப ஆருட்டப் போய்ச் சண்டை பிடிக்கிற?” என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

அரசியலைப் படிக்கிறவர்கள் வழக்கமாகத் தேர்தல் முடிவு, கட்சி, சட்டம், வரவு செலவுத் திட்டம் என்று பார்ப்பார்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அதிகாரம் சாதாரண மனிதரிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் சொல்லாகத்தான் வருகிறது: சுற்றறிக்கை, வர்த்தமானி எனும் அரசிதழ், படிவம், மேடைப் பேச்சு, வானொலிச் செய்தி. ஏன் இந்தச் சொல், ஏன் வேறு சொல் இல்லை, இதனால் யாருக்கு எது இலகுவாகிறது, யார் எதைக் கேட்க முடியாமல் போகிறது என்று அந்தச் சொல்லையே பிடித்து விசாரிப்பதுதான் சொல்லாடல் பகுப்பாய்வு. சிலர் ‘கருத்தாடல்’ என்றும் எழுதுவார்கள். வட்டவிதானையார் அதைத்தான் ஒரே வரியில் செய்துவிட்டுப் போனார்.

அவருடைய கேள்வியை இலக்கணமாகப் பார்ப்போம். தமிழில் ஆளைக் காட்டும் வேலையை வினையின் வால் செய்கிறது. நிறுத்துகிறேன், நிறுத்துகிறோம், நிறுத்துவார்கள். எழுவாயை விட்டுவிட்டாலும் வால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். “தண்ணிய நிப்பாட்டிட்டாங்க” என்று சந்தியில் ஒருவர் சொன்னால், யாரென்று தெரியாவிட்டாலும் மனிதர்கள்தான் நிறுத்தினார்கள் என்பது அந்த ‘ஆங்க’வில் இருக்கிறது. ‘நிறுத்தப்படும்’ என்று எழுதியவுடன் வால் தண்ணீருக்குப் போய்விடுகிறது. மனிதர் யாரும் மிஞ்சுவதில்லை. என்னுடைய அந்த ஒரே வாக்கியத்தில் மூன்று ‘படு’. வேதனைப்படு, கஷ்டப்படு, அவமானப்படு என்பதிலும் இருப்பது இதே படுதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இத்தோடு ‘படு என்றால் மறைப்பு’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. புதிதாகப் படிக்கிறவர்கள் விழும் முதல் குழி அது. போர்க்காலப் பத்திரிகையில் நாளாந்தம் வந்த வாசகம் ஒன்று உண்டு: “இனந்தெரியாதோரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.” பல வேளைகளில் ஊருக்கு இனம் தெரியும். செய்தி அனுப்பியவருக்கும் தெரிந்திருக்கும். அங்கே அந்தப் படுவினை, எழுதியவர் அடுத்த நாளும் உயிரோடு இருப்பதற்கான ஏற்பாடு. இலக்கணம் ஒன்றுதான், அலுவலகம் எழுதும்போது அது அதிகாரத்துக்குக் குடை, நிருபர் எழுதும்போது பயத்துக்குக் குடை. யார், யாருக்கு, எந்த நேரத்தில் எழுதினார் என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைப் பகுப்பாய முடியாது.

ஒரு கரைக்கு எத்தனை பெயர்

சொல்லாடல் என்பது தனிச் சொல்லை விடப் பெரியது. ஒரு காலத்தில், ஓரிடத்தில், ஒரு விஷயத்தைப் பற்றி எப்படிப் பேசலாம், எப்படிப் பேச வாய் வராது என்பதைத் தீர்மானிக்கும் பேச்சு வழக்கு முழுவதும் அதில் அடங்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. எழுகிற பக்கம் எழுவான்கரை. பெயரில் திசையைத் தவிர வேறொன்றும் இல்லை. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அரசாங்கச் செய்தியில் அது ‘விடுவிக்கப்படாத பகுதி’. பாடசாலைக் கோவைகளில் ‘கஷ்டப் பிரதேசம்’. அபிவிருத்திக் கூட்டங்களில் ‘பின்தங்கிய பிரதேசம்’. நிலம் அதே நிலம்தான். ‘விடுவிக்கப்படாத’ என்றால் அங்கே படை போகவேண்டும். ‘கஷ்ட’ என்றால் ஆசிரியருக்குக் கொடுப்பனவு போகவேண்டும். ‘பின்தங்கிய’ என்றால் திட்டம் போகவேண்டும். பின்தங்கியது தானாகவே பின்னால் போனதுபோல் ஒலிக்கிறது என்பதையும் கவனியுங்கள். ‘பின்தள்ளப்பட்ட’ என்று மாற்றினால் உடனே “யார் தள்ளினது?” என்ற கேள்வி எழும். படுவினை கேள்வியைக் கிளப்பவும் செய்யும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இந்தச் சிந்தனைக்கு அடிக்கடி பெயர் சொல்லப்படுபவர் பிரெஞ்சு அறிஞர் மிஷல் ஃபூக்கோ. 1970 டிசம்பர் 2ஆம் திகதி பாரிஸின் கொலேஜ் த பிரான்ஸில் அவர் ஆற்றிய தொடக்க உரை இதைப் பற்றியதுதான்: எந்தச் சமூகத்திலும் பேச்சு சும்மா விடப்படுவதில்லை, எதைப் பேசலாம், யார் பேசினால் எடுபடும், எது பைத்தியக்காரத்தனம் என்று தள்ளப்படும் என்பதற்கு ஒழுங்குகள் உண்டு. அவர் வலியுறுத்திய இன்னொன்று, வகைப்படுத்தும் பேச்சு அந்த வகை மனிதர்களையே உண்டாக்குகிறது என்பது. இதை விளங்க பாரிஸ் வரை போகவேண்டியதில்லை. 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவித் திட்டம் வந்தபோது குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. மாதக் கொடுப்பனவு 2,500 ரூபாயில் தொடங்கி 5,000, 8,500, 15,000 என்று போனது. அதுவரை ‘எங்களுக்குக் கஷ்டம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அயல்வீட்டுக்காரர்கள், ‘நான் எந்த வகை, அவள் எப்படி அந்த வகை’ என்று பேசத் தொடங்கினார்கள். கிராம சேவகரின் மேசைக்கு முன்னால் வறுமைக்குப் புது மொழி ஒன்று வந்தது. மேன்முறையீடு செய்வதென்றாலும் அந்த மொழியில்தான் செய்யவேண்டும்.

இப்படியான உதவித் திட்டங்களின் பெயர்களையே வரிசையாக வைத்துப் பாருங்கள். 1989இல் ஜனசவிய, மக்கள் பலம். 1995இல் சமுர்த்தி, செழிப்பு. 2023இல் அஸ்வெசும, ஆறுதல். அரசாங்கம் ஏழைக்குக் கொடுக்கும் வாக்குறுதி முப்பத்துச் சொச்ச வருடத்தில் பலத்திலிருந்து ஆறுதலுக்கு இறங்கியிருக்கிறது. இது என் வாசிப்பு, நீங்கள் மறுக்கலாம். மூன்று பெயரும் சிங்களத்தில் இருக்க, நாம் அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகிவிட்டோம் என்பதை மறுப்பது கஷ்டம்.

எந்தப் பெயர், எந்தக் கந்தோர்

ஒரு கொள்கையை ஆராய இன்னொரு வழி உண்டு. அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய கரொல் பாக்கி என்பவர் 1990களில் வகுத்தது. வழக்கமாக, ‘பிரச்சினை இது, தீர்வு என்ன?’ என்று போவோம். அவர் அதைத் தலைகீழாக்குகிறார்: முன்வைத்த தீர்வைப் பார், அது எதைப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது? எதைப் பேசாமல் விட்டிருக்கிறது?

மயிலத்தமடு, மாதவணையை எடுப்போம். மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஏறாவூர்ப்பற்றுப் பிரிவில் உள்ள நிலம். தமிழ்ப் பண்ணையாளர்கள் காலங்காலமாக மாட்டுப் பட்டிகளை அங்கே கொண்டுபோகிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள் அங்கே பயிர் செய்யத் தொடங்கியதில் பிணக்கு முற்றி, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள்.

இந்த ஒரு நிலத்தைப் பற்றிப் பேசும்போது வாயில் வரும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். ‘மேய்ச்சல்தரை’ என்பார்கள் பண்ணையாளர்கள். அப்படிச் சொன்னால் பிரச்சினை மாட்டுக்குப் புல் இல்லாதது. தீர்வு, எல்லை போட்டு வர்த்தமானியில் பிரகடனம் செய்வது. ‘மகாவலிக் காணி’ என்றால், மகாவலி ஆற்றுத் திட்டக் காணிகளை நிர்வகிக்கும் மகாவலி அதிகாரசபையின் கோவைக்குள் போய்விடும். பட்டிக்காரர் அங்கே விண்ணப்பதாரர், உரிமைக்காரர் அல்ல. ‘அத்துமீறல்’ என்றால் பொலிஸும் நீதிமன்றமும். ‘குடியேற்றம்’ என்றால் பாராளுமன்றமும் வெளிநாட்டுத் தூதுவர்களும். ‘இரு தரப்பு விவசாயிகளின் முரண்பாடு’ என்றால் ஒரு கூட்டமும் ஓர் இணக்கப்பாடும் போதும். ஒவ்வொரு சொல்லும் ஒரு கந்தோரின் கதவு. எந்தச் சொல் செல்லுபடியாகிறது என்பதில்தான் சண்டையின் பாதி நடக்கிறது. பண்ணையாளர்கள் ‘பரம்பரையாக’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதனால்தான். உறுதிப்பத்திரம் இல்லாத இடத்தில் காலம்தான் சாட்சி.

இங்கே ‘வர்த்தமானி’ ஏன் அவ்வளவு பெரிய கோரிக்கை? ஒக்ஸ்போர்டு தத்துவவாதி ஜே. எல். ஒஸ்டின் 1955இல் ஆற்றிய விரிவுரைகளில் சொன்னது இதற்கு உதவும். சில சொற்கள் உலகத்தை வருணிப்பதோடு நில்லாமல், சொன்ன மாத்திரத்தில் ஒரு காரியத்தையே செய்துவிடுகின்றன. ‘பந்தயம் கட்டுகிறேன்’ என்றால் கட்டியாயிற்று. ‘இது மேய்ச்சல்தரை’ என்று பட்டிக்காரர் ஆயிரம் தடவை சொன்னாலும் அது பேச்சு. உரிய அதிகாரமுள்ளவர் வர்த்தமானியில் ஒரு தடவை சொன்னால் நிலத்தின் நிலையே மாறும். சொல் ஒன்றுதான், சொல்லும் ஆளும் தாளும் வேறு.

இரண்டு காதுக்கு இரண்டு சொல்

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவனுக்கு இதைவிடச் சுவையான உதாரணம் கிடைக்காது. 1978 அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்கிறது. சிங்களத்தில் ‘ஏக்கிய’. 2017 செப்டெம்பரில் புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தது. ஒற்றையாட்சி என்பதற்கான ஆங்கிலச் சொல் இலங்கைக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டு, பிரிக்க முடியாத நாடு என்ற பொருளில் ‘ஏக்கிய ராஜ்ய’ என்ற சிங்களத் தொடரையும், அதற்கு நேரான தமிழாக ‘ஒருமித்த நாடு’ என்பதையும் அது வைத்தது.

சிங்கள வாசகர் ‘ஏக்கிய’ என்பதைப் பார்த்து, பழையது அப்படியே இருக்கிறது என்று ஆறுதலடையலாம். தமிழ் வாசகர் ‘ஒருமித்த’ என்பதைப் பார்த்து, தனித்தனியாக இருந்தவை மனமொத்து ஒன்றானவை என்று எடுக்கலாம். அதே காரணத்துக்காகவே இரு பக்கத்திலும் சந்தேகமும் வந்தது. தெற்கில் சிலர் ‘ஒருமித்த’ என்பதற்குள் சமஷ்டி ஒளிந்திருக்கிறது என்றார்கள். இங்கே சிலர் ‘ஏக்கிய’ என்பதற்குள் ஒற்றையாட்சி ஒளிந்திருக்கிறது என்றார்கள். ஆர்ஜென்டீனாவில் பிறந்த ஏர்னெஸ்ட்டோ லக்லாவ் இப்படியான சொற்களை வெற்றுக் குறிகள் என்பார்: பலரும் தங்கள் ஆசையைப் போட்டு நிரப்பிக்கொள்ளக்கூடிய காலிப் பாத்திரம். காலியாக இருப்பதுதான் அதன் பலம். ‘அபிவிருத்தி’, ‘நல்லாட்சி’, ‘முறைமை மாற்றம்’ எல்லாம் அந்த அடுக்கில் இருக்கும் சட்டிகள்தான்.

அதேபோல் நாள்தோறும் என் கையில் வரும் சிக்கல் ஒன்று. சிங்களத்தில் ‘அபி’ என்று ஒரே சொல். தமிழில் அதற்கு இரண்டு: கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’. ஓர் அமைச்சரின் உரையில் ‘அபி’ வருகிறது. ‘நாம் இந்த நாட்டைக் கட்டியெழுப்ப வேண்டும்’ என்று எழுதினால் வாகரையில் இருப்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்று எழுதினால் அரசாங்கம் மட்டும். அமைச்சர் சொல்லாத ஒரு முடிவை, ஐந்து மணிக்குள் வேலையை முடிக்க வேண்டிய நான் எடுக்கிறேன். உரைகளைப் படிக்கிறவர்கள் நாம், நாங்கள் எங்கெங்கே மாறுகின்றன என்று கோடிட்டுப் பாருங்கள். நன்றி சொல்லும் இடத்தில் ‘நாங்கள்’, தியாகம் கேட்கும் இடத்தில் ‘நாம்’ என்று வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

‘நாம்’ எவ்வளவு தூரம் நீளும் என்பது கிழக்கில் சின்ன விஷயம் இல்லை. தமிழரசுக் கட்சி தன் ஆரம்ப காலத்திலிருந்து ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடரைப் பாவித்தது. முஸ்லிம்களையும் சேர்த்துக்கொள்ளும் தொடர் அது. கல்முனையிலோ சம்மாந்துறையிலோ காத்தான்குடியிலோ உள்ள ஒரு முஸ்லிமுக்கு, சேர்த்துக்கொள்வதும் கரைத்துவிடுவதும் ஒன்றுபோலவே கேட்கக்கூடும். 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியதை, ‘எங்களுக்கு எங்கள் பெயர்’ என்ற பதிலாகவும் வாசிக்கலாம். ஒரு தொடரின் பொருள் சொல்பவரிடம் பாதி, கேட்பவரிடம் பாதி.

தாளுக்குப் பின்னால்

நோர்மன் பெயார்க்ளோவ் என்ற பிரித்தானிய மொழியியலாளர் 1980களின் கடைசியில் ஒரு வசதியான ஒழுங்கைத் தந்தார். முதலில் தாளில் உள்ள எழுத்து. அடுத்து, அந்த எழுத்து எப்படி உருவாகி, யார் கை வழியாகப் போய், யாரால் வாசிக்கப்படுகிறது என்பது. மூன்றாவது, அதைச் சூழ்ந்திருக்கும் சமூகமும் அதிகாரமும். பலர் முதலாவதிலேயே நின்றுவிடுவார்கள். ருசி இரண்டாவதில் இருக்கிறது.

வட்டவிதானையாரின் கேள்விக்குப் பிறகு ஒரு தடவை நான் வீரம் காட்டிப் பார்த்தேன். இன்னொரு அறிவித்தலில், ‘நிறுத்தப்படும்’ என்பதற்குப் பதில் ‘நாங்கள் நிறுத்துகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். பிரதம எழுதுவினைஞர் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, “தம்பி, நாங்கள் எண்டா ஆர்? நானா, நீங்களா?” என்று கேட்டார். அவர் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை. முடிவு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எடுத்தது, கடிதம் வந்தது வேறு வழியாக, ஒட்டுவது இந்தக் கந்தோர். கையெழுத்து வைக்கிறவர் தான் எடுக்காத முடிவுக்குப் பொறுப்பேற்க மாட்டார். அவருக்கு ‘படும்’ ஒன்றுதான் வழி. அந்தத் தாளில் ஆள் காணாமல் போனதற்குக் காரணம் என் தமிழும் இல்லை, அவருடைய குணமும் இல்லை. பொறுப்பு பல மேசைகளில் சிதறிக் கிடக்கும் நிர்வாக முறை. எழுத்தை மட்டும் பார்த்திருந்தால், ‘அதிகாரிகள் மறைக்கிறார்கள்’ என்று ஒரு தட்டையான முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

அளவுக்கு மிஞ்சி வாசிக்கும் ஆபத்தும் உண்டு. கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்துக்கு 1949இல் சபை அமைந்து, பட்டிப்பளை ஆறு கல்லோயாவாக அறியப்பட்டு, 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. அந்தக் கதையில் ‘குடியேற்றம்’ என்பது மேடையில் நெருப்புப்போன்ற சொல். ஆனால் மத்தியமுகாம் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். “நான் ஆறாம் கொலனியில இறங்கணும்” என்று தமிழரும் முஸ்லிமும் சாதாரணமாகச் சொல்வார்கள். குடியேற்றத்தைக் குறிக்கும் அதே ‘கொலனி’ அவர்களுக்கு விலாசம். எங்கே சொல் ஆயுதம், எங்கே வெறும் விலாசம் என்று தெரிய அந்த பஸ்ஸில் போயிருக்க வேண்டும்.

சில சொற்கள் தங்கள் பொருளையே தொலைத்துவிட்டும் உத்தியோகம் பார்க்கும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் தலைப்பில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. தலைப்பை யாரும் திருத்தவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பெரிய தலைப்பு எடுக்காதீர்கள். ‘இலங்கை அரசியலில் சொல்லாடல்’ என்று தொடங்கிய எவரும் முடித்ததை நான் காணவில்லை. ஒரு விஷயம், ஒரு காலம், பத்துப் பதினைந்து எழுத்துகள் போதும். பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட், வர்த்தமானி இரண்டும் யாரும் எடுக்கக்கூடியவை. உள்ளூர்க் கடிதங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம். வரும் பதிலும், வராத பதிலும், ‘அத்தகைய தகவல் பேணப்படுவதில்லை’ என்ற பதிலும்கூட உங்களுக்கு எழுத்துகளே. முடிந்தால் மூன்று மொழியிலும் எடுங்கள். தமிழ்ப் பிரதி மற்றதைவிடக் கட்டையாக இருந்தால், விடுபட்டது என்ன என்று முதலில் பாருங்கள். பகுப்பாயும் நீங்களும் ஒரு பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். ‘ஆக்கிரமிப்பு’ என்று உங்கள் கட்டுரையில் நீங்களே எழுதியிருந்தால், அந்தச் சொல்லையும் மற்றவற்றோடு பட்டியலில் போட்டுவிடுங்கள்.

முதல் பயிற்சிக்கு உங்கள் பிரதேச சபையின் கூட்ட அறிக்கை ஒன்று போதும். ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று வரும் இடங்களை எல்லாம் எண்ணிக் கோடிடுங்கள். மறுகா அந்தக் கூட்டத்தில் இருந்த உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அந்தத் தீர்மானங்களுக்கு முன்னால் யார் யார் எழும்பிச் சத்தம் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.